குடும்பத்துக்குப் பழைய எஸ்யூவி வாங்குவது எப்படி: ஆர்சி சரிபார்ப்பு முதல் பெயர் மாற்றம் வரை

ஒரே ஆண்டில் ஒரே ஷோரூமிலிருந்து வெளியே வந்த இரண்டு ஹூண்டாய் கிரெட்டா டீசல் வண்டிகள், எட்டு ஆண்டுகள் கழித்து விற்பனைக்கு வரும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையாக இருக்கக்கூடும். ஒன்று ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, காலம் தவறாமல் சர்வீஸ் செய்யப்பட்டு, நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடியிருக்கும். மற்றொன்று மூன்று கை மாறி, முன்பக்கம் ஒருமுறை நொறுங்கி, டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்கப்பட்டு, மீட்டர் குறைக்கப்பட்டு வந்திருக்கும். எனவே எந்த மாடல் நம்பகமானது என்று விசாரிப்பது பாதி வேலைதான். எந்த உரிமையாளரின் கையில் அந்த வண்டி எப்படி இருந்தது என்பதைக் கண்டறிவதே மீதியும் கடினமானதுமான வேலை.

தமிழ்நாட்டில் பழைய எஸ்யூவி வாங்க விரும்பும் குடும்பம் அந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே விளக்கியுள்ளேன். வரிசைக்குக் காரணம் உண்டு. பெரும்பாலோர் வண்டியை முதலில் பார்த்து, பிள்ளைகள் சன்ரூஃபைத் திறந்து மூடி விளையாடி முடித்த பிறகே ஆவணங்களைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எந்தக் குறையும் சிறியதாகத்தான் தெரியும். ஆவணம் முதலில், வண்டி அடுத்து, விலைப்பேச்சு கடைசியில் என்பதே பாதுகாப்பான வரிசை.

முதல் படி: உண்மையான தேவையை எழுதி வைத்தல்

எத்தனை பேர், மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் நகரம் எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு என்ற கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். ஐந்து பேருக்கு மேல் அடிக்கடி போவதில்லை என்றால் ஏழு இருக்கை வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். அடிக்கடி போவதாக இருந்தால், மூன்றாம் வரிசையில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. பல எஸ்யூவிகளில் அங்கே தரை உயர்ந்திருப்பதால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். அந்த வரிசையில் ஆள் இருந்தால் பின்னால் பெட்டி வைக்கவும் இடமிருக்காது. ஏழு பேர் வழக்கமாகப் பயணிக்கும் குடும்பத்துக்கு எஸ்யூவியைவிட இன்னோவாவோ எர்டிகாவோ பொருத்தம் என்பது என் கருத்து. எஸ்யூவி என்று மனதில் நிலைத்துவிட்டவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

டீசலா பெட்ரோலா என்பதை ஓட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறைவாக, பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டுபவர் பழைய டீசலை வாங்கினால், எரிபொருளில் மிச்சப்படுவதை இன்ஜெக்டரும் டர்போவும் ஒரே பில்லில் வாங்கிக்கொள்ளக்கூடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 என்ற புகை மாசு விதியைச் சந்திக்க டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி பொருத்தப்பட்டது. அதில் சேரும் கரி எரிந்து வெளியேற, வண்டி நல்ல சூட்டில் சிறிது நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. விளக்கு எரியும், எஞ்சின் சக்தி குறையும், பிறகு செலவு வரும். பெட்ரோல் வண்டி பார்ப்பவர்கள், 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல வண்டிகள் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதை நினைவில் கொண்டு, எரிபொருள் ரப்பர் குழாய்களின் நிலையையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: மாடலைவிட எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தேர்ந்தெடுத்தல்

ஒரே பெயரில் விற்ற வண்டிக்குள் வெவ்வேறு எஞ்சின்கள் இருக்கும். 2016-இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவில் 2020 வரை இருந்தது ஃபியட்டிடமிருந்து உரிமம் பெற்ற 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் மட்டுமே. 2020-இல் மாருதி டீசலை முற்றிலும் கைவிட்ட பிறகு 1.5 லிட்டர் பெட்ரோல் வந்தது. அந்த டீசல் எஞ்சினை வேறு பல நிறுவனங்களும் பயன்படுத்தியதால், சிறு ஊர் மெக்கானிக்குக்கும் அது பழகிய கை. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கிரெட்டாவில், 2015 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் டீசலுக்குச் சந்தையில் இன்றும் நல்ல மதிப்பு உண்டு. மஹிந்திரா எக்ஸ்யூவி 500, 2011 முதல் 2021 வரை விற்பனையில் இருந்ததால், அதன் தொடக்க ஆண்டு வண்டிகளையும் கடைசி ஆண்டு வண்டிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பின்னாளில் வந்தவற்றையே நான் விரும்புவேன்.

உற்பத்தி நின்றுபோன வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டும் ஒரகடத்தில் தயாரான முதல் தலைமுறை ரெனோ டஸ்டரும் இதற்கு நம் கண்முன் உள்ள உதாரணங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது சர்வீஸும் உதிரிப்பாகமும் தொடரும் என்று கூறியது. ஆனாலும் வாங்கும் முன் உங்கள் ஊருக்கு அருகில் அந்த வேலை தெரிந்த கராஜ் இருக்கிறதா என்று நேரில் விசாரிப்பது அவசியம். இவ்விரு வண்டிகளின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின்களிலும் டைமிங் பெல்ட் உண்டு. அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே திறக்கும் நிலை வரும் என்பதால், உரிய தூரத்தில் அதை மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால் மாற்றப்படவில்லை என்றே கணக்கிட்டு, அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டர் வகை நீண்ட காலம் தாங்கும். உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் வகை, நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறிக் கிளட்ச் தேயும் இயல்புடையது. அண்ணா சாலையிலேயே வாழ்ந்த வண்டியில் அந்த வகை இருந்தால் உத்தரவாதம் இல்லாமல் நான் தொடமாட்டேன்.

பாதுகாப்பையும் இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் ஏர்பேக்கும் 2019-இல்தான் கட்டாயமாயின. முன் பயணிக்கான ஏர்பேக் அதற்கும் பிறகு. ஆகவே அதற்கு முந்தைய அடிப்படை வேரியன்டுகளில் பெயர்ப்பலகை பெரிதாக இருந்தாலும் உள்ளே ஏர்பேக் இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாம் படி: வண்டியைப் பார்க்கும் முன் ஆவணம்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பதிவு எண். பரிவாஹன் இணையதளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ அதைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், எரிபொருள் வகை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை உண்டா என்பவை தெரியவரும். இ-சலான் பக்கத்தில் அபராத நிலுவையைப் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்று சரிபார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை உள்ளது. விற்பவர் தாமே ஃபர்ஸ்ட் ஓனர் என்று சொல்லும் வண்டி பதிவேட்டில் மூன்றாவது உரிமையாளரைக் காட்டினால், மற்றதையெல்லாம் பார்க்கவே தேவையில்லை.

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து எச்பி கேன்சல் செய்தால்தான், அதாவது ஆர்சியிலிருந்து அந்தக் கடன் பதிவை நீக்கினால்தான், பெயர் மாற்றம் சிக்கலின்றி நடக்கும். மஞ்சள் போர்டாக ஓடிப் பின்னர் ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டிகளும் சந்தையில் உண்டு; பழைய ஆர்சி, பழைய இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டால் அது வெளிப்படும்.

வெளிமாநில வண்டி விஷயத்தில் சற்று நிதானம் தேவை. டெல்லி தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் கார்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்ததைத் தொடர்ந்து, அங்கிருந்து பெரிய டீசல் எஸ்யூவிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வாங்கும் விலை குறைவுதான். ஆனால் படிவம் 28 என்ற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற சாலை வரி எல்லாவற்றையும் சேர்த்தால் பல நேரங்களில் அந்த லாபம் கரைந்துவிடும். புதுச்சேரிப் பதிவு வண்டிக்கும் இதே கணக்குதான்: வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக சர்வீஸ் ஹிஸ்டரி. நிறுவன சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வருகையின்போதும் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகும். விற்பவர் அந்தப் பட்டியலை எடுத்துத் தரச் சம்மதிக்க வேண்டும். 2021-இல் தொண்ணூறாயிரம் என்று பதிவான வண்டி இன்று எழுபதாயிரம் காட்டினால் பேச ஒன்றுமில்லை. நான்கு ஆண்டுகள் வரை ஒழுங்காகப் பதிவாகி அதன்பின் வெற்றிடம் இருந்தால், அந்த இடைவெளிக்கு வெளி மெக்கானிக்கின் பில்களாவது இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

நான்காம் படி: பகல் வெளிச்சத்தில் உடலைப் படித்தல்

மழையிலும் இரவிலும் கார் கன்சல்டிங் கடையின் விளக்கொளியிலும் எந்த வண்டியும் அழகாகத்தான் இருக்கும். காலை வெயிலில், கழுவிக் காய்ந்த வண்டியைச் சுற்றி நடந்து, கதவுகளுக்கு இடையிலான இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் தடிமன் காட்டும் சிறு கருவி கிடைத்தால் வேலை எளிது: தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும், பட்டி போட்ட இடம் பல நூறு மைக்ரான் காட்டும்.

ஒரு பம்பரோ ஒரு கதவோ பெயின்ட் அடிக்கப்பட்டிருப்பது குற்றமல்ல; நம் தெருக்களில் ஓடும் வண்டிக்குக் கீறல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கவலைப்பட வேண்டியது எலும்புக்கூட்டைப் பற்றி. பானெட்டைத் திறந்து, அதன் கீலிலும் மட்கார்டிலும் உள்ள போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் படாத போல்ட்டில் பெயின்ட் முழுமையாக மூடியிருக்கும்; கழற்றி மாட்டியதில் முனைகள் உரிந்திருக்கும். அடுத்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஆப்ரன் தகட்டிலும் கதவு பீடிங்கை இழுத்தால் தெரியும் பில்லரிலும் தொழிற்சாலை இட்ட வட்ட வெல்டுப் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். அங்கே கை வெல்டும் தாறுமாறான சீலன்டும் தெரிந்தால் வண்டி பெரிய விபத்தைக் கண்டிருக்கிறது. எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும் சிறு முத்திரை உண்டு. ஒன்று மட்டும் பிந்தைய ஆண்டாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியவுடன் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டு கடந்த டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்வது சரியல்ல. எஸ்யூவி டயர் விலையும் அற்பமல்ல.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடித்தல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் 2015 டிசம்பர் பெருமழையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும். இரண்டு முறையும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கிட்டவை ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, மீண்டும் சந்தைக்கு வருவது வழக்கமான வணிகம்தான்; அதை வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பதே பிரச்சினை.

சீட்டுக் கவரையும் கார்பெட்டையும் மாற்றிவிடலாம். சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் முடிவு வரை மெதுவாக இழுத்து, கடைசி ஒரு முழத்தைப் பாருங்கள்: வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பகுதியில் பழுப்புக் கோடோ உலர்ந்த சேற்றுத் துகளோ இருந்தால் வண்டிக்குள் நீர் ஏறியிருந்தது தெரிந்துவிடும். பிறகு முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அடியில் உள்ள தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னிக் குழியின் மூலைகளில் வண்டல், ஃபியூஸ் பாக்ஸின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்ளே வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தால் கண்ணாடிகளை ஏற்றிக் கால்மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. இன்றைய வண்டிகளில் எல்லாமே மின்னணு இணைப்பு என்பதால் கோளாறு இரண்டாவது மழைக்காலத்தில்தான் தலைகாட்டும்.

ஐந்தாம் படி: குளிர்ந்த எஞ்சின், பிறகு சாலை

தாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த நிலையில் கூலன்ட் மூடியையும் ஆயில் மூடியையும் திறந்து, கூலன்ட்டில் எண்ணெய்ப் படலமோ ஆயில் மூடியின் உட்புறம் மோர் போன்ற படிவமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஆயில் எரிவதையும், நிற்காத வெண்புகை கூலன்ட் உள்ளே போவதையும், அடர்ந்த கரும்புகை இன்ஜெக்டர் அல்லது டர்போக் கோளாறையும் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்தினால் லேசான ஆவி வரலாம்; மூடியையே தள்ளும் வேகத்தில் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட வேண்டும். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக நகரும்போது டக் டக் என்ற ஒலி வந்தால் டிரைவ் ஷாஃப்ட் முனை தேய்ந்திருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி குறுக்காகச் சென்றால் லோயர் ஆர்ம் புஷ்களின் நிலை காதுக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக் என்றால் சரிவான இடத்தில் பின்னோக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. வண்டியில் ஆள் நிறைந்திருக்கும்போதே இவற்றைச் செய்யுங்கள்; ஏசியும் ஓடட்டும், பின்வரிசை வரை குளிர்கிறதா என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் சொல்லட்டும்.

ஆறாம் படி: தூக்கிப் பார்த்தல், ஸ்கேன் செய்தல்

உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். லிஃப்டில் ஏற்றி, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் ஆயில் கசிவு, ஷாக் அப்சார்பரில் ஈரம், சைலன்ஸரில் ஓட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவை தனிச் சேஸிஸ் மேல் பாடி பொருத்தப்பட்டவை. அந்தச் சேஸிஸில் வெல்டு, வளைவு, செதில் செதிலான துரு எதுவும் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனெனில் உப்புக் காற்று மேலே பெயின்டைத் தொடும் முன் அடியைத் தின்றிருக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில், அதாவது வண்டியின் கணினியைப் படிக்க உதவும் இணைப்பில், ஸ்கேனரைச் செருகும்போது பலரும் கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். விற்பனைக்கு முன் அவற்றை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் பல வண்டிகளில் குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரமும் கணினியில் பதிவாகியிருக்கும். அது நாற்பது கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்றோ முன்தினமோ யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள். என்ன அழிக்கப்பட்டது என்று விற்பவரிடமே கேட்டுவிட்டு, சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று சொல்லுங்கள். மறுத்தால் அதுவே விடை.

ஏழாம் படி: விலை

2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார்களின் ஜிஎஸ்டி குறைந்தது: சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு செஸ் இல்லாமல் 40 சதவீதம். தாம் வாங்கியபோது இருந்த ஆன்-ரோடு விலையிலிருந்து கணக்குத் தொடங்கும் விற்பவரிடம் இதை மரியாதையாக நினைவூட்டலாம். ஒப்பிட வேண்டியது இன்றைய புது வண்டியின் விலையோடு. அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே வேரியன்ட் கொண்ட சில வண்டிகளின் கேட்பு விலையைத் திரட்டி, அதிலிருந்து டயர், டைமிங் பெல்ட், கிளட்ச், பேட்டரி என்று மெக்கானிக் எழுதித் தந்த செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பேச வேண்டும். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு மீதிக்குள் வண்டி தேடுவதே என் பரிந்துரை.

எட்டாம் படி: பணமும் பெயர் மாற்றமும்

அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுத்தில் ரசீது, மீதியை வங்கி வழியாக, என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம், அசல் ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, அடையாள ஆவண நகல்கள் கையில் வந்த பின்னரே முழுத் தொகை. எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்சியோடு வண்டியில் வைத்தே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டெலிவரி எடுக்கும் தேதியையும் நேரத்தையும் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவர் இதில் அலட்சியம் காட்டினால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னால் போதும். அவரே உங்களை அவசரப்படுத்துவார்.

இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதில் உள்ள நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, விற்றவருக்கே சொந்தம் என்பதால், அந்தத் தள்ளுபடியின் வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரிடும். விற்றவரின் ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து அகற்றி அவர் கணக்கை மூடச் சொல்லிவிட்டு, புதியதை ஒட்டிக்கொள்ளலாம். இரண்டாவது சாவியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொன்னால் புதிய சாவி செய்யும்போதே பழையவற்றின் பதிவை வண்டியின் கணினியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும்.